பூனைக்குச் சொன்ன மணம்

சீனித்தம்பியின் சைக்கிள் மணி வாசல் கடப்படியில் கேட்டதும் சீதேவிப்பிள்ளை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனாள். அம்மன் கோயிலில் குளிர்த்திச் சடங்கு முடிந்து ஒரு கிழமையாகிறது. சடங்குக்குக் கதவு திறந்த நாளில் கவிழ்த்து வைத்த மீன்சட்டியைத் தேற்றாத்தீவில் எல்லா வீட்டிலும் நிமிர்த்திவிட்டார்கள். சீனித்தம்பிக்கு நல்ல யாபாரம். பெட்டிக்குள் வாவி நண்டுகள் கால் கட்டப்பட்டுக் கிடந்தன. பக்கத்தில் ஒரு சொப்பின் பையில் இறால்.

அவள் ஒரு நண்டைத் தூக்கினாள். வயிற்றுப் பக்கத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு, கலியாணம் கட்டி அடுப்படிக்கு வந்த நாளிலிருந்து செய்கிறபடி, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

ஒன்றுமில்லை. சுவரை மோந்த மாதிரி இருந்தது.

"என்னக்கா இவ்வளவு யோசினை? இப்பதான் வலையில இருந்து கழட்டின. கட்டை அவிழ்த்தா உங்கட மூக்கையே கடிக்கும்."

கடித்தால் கடிக்கட்டும், அது இருந்துதான் என்ன செய்கிறது என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "நிலவு நண்டு. உள்ளுக்குள்ள கோதும் தண்ணியுந்தான் கிடக்கும்" என்றாள்.

"நிலவு தேஞ்சு போச்சு கா. தூக்கிப் பாருங்க, கனக்கிதா இல்லையா?"

கனத்தது. கட்டுக்குள்ளேயும் கால்கள் துடித்தன. இறாலில் தலை உடம்போடு இறுக்கமாக இருந்தது, ஓடு மினுங்கியது, கழுத்தடி கறுக்கவில்லை. மூக்கு தனியாகப் பார்த்த வேலையை இப்போது கண்ணும் விரலும் பங்குபோட்டுப் பார்த்தன. நண்டையும் இறாலையும் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியவில்லை என்று அவளுக்கு ஒரு சின்ன நிம்மதி.

மாசி மாதத்தில் ஊர் முழுக்க ஒரு காய்ச்சல் வந்தது. அவளுக்கும் வந்தது. போகும்போது மணத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எழும்பி உட்கார்ந்து குடித்த முதல் தேத்தண்ணி வெறும் சுடுதண்ணியாக இருந்தது. நாக்குக்கு உப்புத் தெரியும், புளி தெரியும், உறைப்புத் தெரியும், இனிப்புந் தெரியும். மற்றதெல்லாம் ஈரத்துணியை மென்ற மாதிரி. நாலு நாளில் வரும் என்றிருந்தாள். பங்குனி போய், சித்திரை போய், வைகாசியும் முடிகிறது. தொடக்கத்தில் யாராவது கேட்டால் "தடிமன்" என்றாள். பிறகு கேட்கிற அளவுக்கு யாருக்கும் ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

ஏன் மறைத்தாள் என்றால், அதற்குக் காரணம் இருந்தது. புருசன் வினாயகமூர்த்தி வட்டை விதானையாக, வயல்காரருக்குத் தலைவராக இருந்தவர். வயலுக்குத் தண்ணி விடுகிற நாளிலும் வெட்டுக் காலத்திலும் நேரங்கெட்ட நேரத்தில் ஆட்களோடு வந்து நிற்பார். "சீதேவி, இன்னும் ஆறு பேர் கா" என்பார். உலை ஏறும். அவர் போய்ச் சேர்ந்த பிறகு, மகள் கஜானிக்குக் கலியாணம் பேசியபோது ஊர் வழக்கப்படி வீட்டையும் வளவையும் மகள் பேரில் எழுதினார்கள். அதில் அவளுக்கு ஒரு குறையுமில்லை. அவளுடைய தாயும் அப்படித்தான் அவளுக்கு எழுதினாள். ஆனால் எழுதிக் கொடுத்த பிறகு வீட்டில் தனக்கென்று என்ன மிச்சம் என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தாள். அடுப்பு மிச்சம்.

அந்த அடுப்பிலும் கஜானிக்குக் கண் இருந்தது. கெட்ட எண்ணத்தில் இல்லை. பிரதேச செயலகத்தில் வேலை, நாலு பேருடைய தாய்மார் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கிற பிள்ளை. காய்ச்சலுக்குப் பிறகு, "அம்மா, நீங்க பேசாம இரிங்க. காலையில நானே சமைச்சு வைச்சிட்டுப் போறன்" என்று தொடங்கினாள்.

"என்னத்துக்கு? நான் செத்தா போனேன்?"

அதோடு அந்தக் கதை நின்றது. ஆனால் முடியவில்லை. மூக்குப் போன கதை தெரிந்தால் மகள் மறுபடி எடுப்பாள். அந்த முறை சீதேவிப்பிள்ளைக்குச் சொல்ல ஒரு பதிலும் இராது.

மணமில்லாமல் சமைப்பது அவளுக்கு முழுக்கப் புதிதும் இல்லை. சடங்குப் பொங்கலுக்கு அரிசி போடுகிற பெண்களில் அவளும் ஒருத்தி. அங்கே உப்பும் பார்க்க ஒண்ணா, மோந்தும் பார்க்க ஒண்ணா. அம்மனுக்கு முதல் மனிசருடைய மூக்குப் போகக்கூடாது. கை அளவும் கண் அளவுந்தான். கோயிலில் வருசத்துக்கு ஒருமுறை செய்ததை வீட்டில் தினமும் செய்வோம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டாள். கடுகு வெடிக்கிற சத்தத்தில் எண்ணெய்ச் சூடு தெரியும். வெங்காயத்தின் நிறத்தில் பதம் தெரியும்.

ஒரே ஒரு தொந்தரவு, மருமகன்.

உதயரூபன் மாங்கேணிப் பையன். வந்தாறுமூலை வளாகத்தில் ஆய்வுகூட உதவியாளர். தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறான். கோபம் வராது, குடி இல்லை. மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைக்கிற பழக்கத்தை இந்தக் காலத்தில் பலர் தொடங்கிவிட்டார்கள். சீதேவிப்பிள்ளை தொடங்கவில்லை. "அவருக்குத் தேத்தண்ணி குடு புள்ள" என்பாள், அவன் முன்னாலேயே நிற்பான். அவனும் அதற்கேற்றவன். மாமி நிற்கிற குசினிக்குள் கால் வைக்க மாட்டான். ஆனால் இந்த மூன்று நாலு மாதமாக, குசினி வாசலுக்கு வெளியே குந்திக்கொண்டு வீட்டுப் பூனையோடு கதைக்கிறான்.

"அடி மினுக்கி, பால் திரைஞ்சு போச்சுப் போல மணக்குது. குடிச்சிராத."

"மினுக்கி, உள்ளி கருகப் பாக்குது. உனக்கு மணக்கல்லையா?"

"இந்தக் கருவாடு சரியில்ல மினுக்கி. ஒருக்கா வெயில் காட்டினா என்ன?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். முந்தி இந்தப் பூனையைக் கண்டால் செருப்பை எறிகிற மனிசன், இப்போது மடியில் வைத்துக்கொண்டு கறிச்சட்டியை விசாரிக்கிறான். எரிச்சலோடு அடுப்பைப் பார்ப்பாள். உள்ளி உண்மையிலேயே ஓரம் கறுத்திருக்கும். அது இன்னும் எரிச்சல். "எண்ட மருமகன் அவர் பானைக்குள்ள மூக்கை விட்டுக்கொண்டுதான் திரியிறார். தின்னுற யோசினை தவிர வேற இல்ல" என்று அடுத்த வளவுக்காரியிடம் சொல்லியும் இருக்கிறாள்.

அன்றைக்கு அவனுடைய தாயும் வீட்டில் இருந்தாள். சடங்கு பார்க்க மாங்கேணியிலிருந்து வந்து, நாளைக்குத் திரும்புகிறாள். கடலோரத்தில் பிறந்து மீன் அரிந்த கை. அவளுடைய வாயும் மீன் அரிகிற கத்தி மாதிரித்தான். முற்றத்துக் கதிரையில் இருந்து முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தவள் நண்டைப் பார்த்ததும், "ஆத்து நண்டா மச்சாள்? ஓம், அதுவும் ஒரு நண்டுதானே" என்றாள். வாவியை அங்கே ஆறு என்றுதான் சொல்வார்கள்.

"கடல் நண்டு தின்னத்தான் கடல் கிடக்குதே உங்கட வாசல்ல. இஞ்ச வந்தா இஞ்சத்தையைத் தின்னுங்க மச்சாள்."

பின்னேரம் உதயரூபன் செங்கலடிச் சந்தியில் வாங்கிய சோளன் பொத்திகளோடு வந்திறங்கினான். பதுளை வீதிப் பக்கத்துச் சேனைச் சோளன், பச்சை மடல் கழற்றாதது. கஜானி ஒன்றை உரித்து நகத்தால் கிள்ளினாள். பால் பீறிட்டது.

"அம்மா, இண்டைக்குச் சோறு வேணாம். இந்த வெக்கைக்குச் சோத்தைக் கண்டாலே தொண்டை அடைக்கிது. சோளனை அவிப்பம். இறாலைப் பிரட்டுவம். நண்டு ஆணம் வைப்பம். போதும்."

"ராவைக்குச் சோறில்லாமலா? சம்பந்தியைப் பட்டினி போட்டு அனுப்பினதெண்டு மாங்கேணி முழுக்கச் சொல்லுவாங்க."

"நண்டு சதையா இருந்தாச் சொல்ல மாட்டன் மச்சாள்" என்றாள் மாங்கேணிக்காரி, இலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சமையல் இரண்டு இடத்தில் பிரிந்தது. நண்டுக்கு வெளிக் கொட்டிலில் விறகடுப்பு. நண்டை விறகில் வைத்தால்தான் சீதேவிப்பிள்ளைக்குத் திருப்தி. சோளனைக் குசினிக்குள் கஜானி வாங்கி வைத்த காஸ் அடுப்பில் ஏற்றினாள்: பெரிய பானை, மூடுகிற அளவு தண்ணி, ஒரு கை உப்பு, கொஞ்சம் மஞ்சள். மூடியைப் போட்டுவிட்டுக் கொட்டிலுக்கு வந்தாள். உதயரூபன் கிணற்றடியில் குந்தி நண்டு உடைத்தான். ஓட்டைக் கழற்றி, செவுள் பூவை எடுத்து, உடம்பை இரண்டாக முறித்து, பெரிய காலை அம்மிக்குழவியால் ஒரு தட்டு. மினுக்கி அவன் முதுகில் உரசிக்கொண்டு நின்றது.

அவள் சட்டியில் எண்ணெய் விட்டாள். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, வெந்தயம். வெந்தயம் சிவந்த அளவில் நண்டைக் கொட்டி, தூளைப் போட்டுக் கிளறினாள். நண்டு ஓடு பச்சையிலிருந்து செம்மஞ்சளுக்கு மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த நேரத்தில் சட்டியிலிருந்து எழும்பும் ஒரு மணம். அதற்காகவே அவளுடைய புருசன் வயலிலிருந்து வந்த காலோடு கொட்டிலுக்குள் தலையை நீட்டுவார். நிறம் அப்படியே இருந்தது. சத்தமும் அப்படியே. அவள் சட்டிக்கு மேலே குனிந்து மூச்சை ஆழ இழுத்தாள். முகத்தில் ஆவி பட்டது. அவ்வளவுதான்.

இரண்டாம் பாலும் புளியும் விட்டு, உப்புப் போட்டு, ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். சரி.

வாவிப் பக்கமிருந்து கச்சான் காற்று பலத்தது. முருங்கை மரம் ஒருபக்கம் சாய்ந்தது. குசினி யன்னல் சட்டென்று அடித்துத் திறந்துகொண்டது. கொட்டிலில் நெருப்பு ஒருமுறை படுத்து எழும்பியது. அவள் ஆணத்தைக் கொஞ்ச நேரம் கிளறிவிட்டு, சோளன் என்ன நிலையில் கிடக்கிறதோ என்று அகப்பையை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பொழுது பட்டு உள்ளே மங்கலாக இருந்தது. பானை சத்தமில்லாமல் நின்றது. மூடியைத் தூக்கினாள், தண்ணி கொதி அடங்கிக் கிடந்தது. குனிந்து பார்த்தாள். அடுப்பில் நீலம் இல்லை. 'காத்து அணைச்சுப்போட்டுது' என்று நினைத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய லைட்டரை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

"மாமி!"

கை அப்படியே நின்றது.

"மாமி, பத்த வைக்காதீங்க! லைட்டரை எடுங்க! வெளிய வாங்க!"

அது காஸுக்குப் பயந்து நின்ற கையில்லை. அவளுக்குத்தான் ஒன்றும் மணக்கவில்லையே. இத்தனை வருசத்தில் அவளைப் பார்த்து அந்த வாயிலிருந்து நேராக வந்த முதல் சொல்லுக்கு நின்ற கை அது. நண்டுச் சேறு வழிகிற கையோடு அவன் குசினிக்குள் பாய்ந்து, அவளுக்கும் அடுப்புக்கும் இடையால் புகுந்து, திருகைப் பூட்டி, சிலிண்டரின் ரெகுலேட்டரையும் பூட்டி, பின்கதவை உதைத்துத் திறந்தான். சத்தம் கேட்டு ஓடிவந்த கஜானி இருட்டென்று சுவரைத் தடவினாள்.

"சுவிச்சைத் தொடாத கஜா! அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளிய போ!"

முற்றத்தில் நாலு பேரும் நின்றார்கள். கச்சான் காற்று வீட்டுக்குள் ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வந்துகொண்டிருந்தது. சீதேவிப்பிள்ளையின் கையில் லைட்டர் இன்னும் இருந்தது. கஜானி அதை மெதுவாக வாங்கினாள்.

"அம்மா, இஞ்ச நிக்கவே மணக்குது. உங்களுக்கு மணக்கல்லையா?"

தடிமன் என்று சொல்லலாம். வாயில் வந்து நின்றது. மகள் நம்பவுங்கூடும். நாளைக்கு மறுபடி இதே அடுப்பு, இதே காற்று. ஒருநாள் கிணற்றடியில் யாரும் இல்லாமலும் இருக்கும்.

"இல்ல" என்றாள். "மாசிக் காய்ச்சலோட போன. இன்னும் வரல்ல."

மாங்கேணிக்காரிதான் பேசினாள். "பத்தியிருந்தா நண்டோட நாமளும் வெந்திருப்பம். அதுவும் ஆத்து நண்டோட." சொல்லிவிட்டு அவளே கதிரையில் தொப்பென்று இருந்தாள்.

"ஏன் அம்மா சொல்லல்ல? நான் என்ன பிறத்தியா?"

"சொன்னா நீ அடுப்பைப் பறிச்சிருவாய்."

"பறிக்கத்தான் வேணும்! இப்ப என்ன நடக்கப் பாத்தது?" கஜானிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. புருசன் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது கண்டுபிடிச்சிருக்க ஒண்ணாதா? ஆய்வுகூடத்தில நாள் முழுக்க மருந்து மோந்துகொண்டுதானே நிக்கிறீங்க?"

உதயரூபன் கையைச் சாரத்தில் துடைத்தான். நிலத்தைப் பார்த்தான். "எனக்குத் தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"காய்ச்சலுக்குப் பிறகு ஒருநாள், பெட்டகத்துக்குப் பின்னால எலி செத்துக் கிடந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு தேடிறன். அதுக்கு அள்ளயில, பக்கத்திலயே இருந்து மாமி மல்லி புடைக்கிறா. பாட்டு வேற."

மாங்கேணிக்காரி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"தெரிஞ்சா சொல்லுறதில்லையா?"

"ஆருக்கு? உனக்குச் சொன்னா, மாமி இப்ப சொன்னதுதான் நடக்கும், நீ அடுப்பைப் பறிப்பாய். மாமியிட்டச் சொல்லுறதெண்டா, நான் எப்பிடி மாமியோட கதைக்கிற?" அவன் காலடியில் நின்ற மினுக்கியைப் பார்த்தான். "அதான் இதுக்கிட்டச் சொன்ன நான்."

சீதேவிப்பிள்ளைக்குப் பாலும் உள்ளியும் கருவாடும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அந்தப் பூனைக்கதை காய்ச்சலுக்கு முந்தி ஒருநாளும் இருந்ததில்லை. தானே அடுப்பை நடத்துகிறோம் என்று நினைத்திருந்த மாதங்களில் பாதியை, வாசலுக்கு வெளியே குந்தியிருந்த ஒரு மூக்கு நடத்தியிருக்கிறது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு, அடுத்த வளவுக்காரியிடம் என்ன சொன்னோம் என்பதும் நினைவுக்கு வந்தது. அதை எப்படித் திருப்பி எடுப்பது?

கஜானி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "இனி நீங்க காஸைத் தொட ஒண்ணா அம்மா. இதில ஒரு கதையும் இல்ல."

எல்லோரும் சண்டையை எதிர்பார்த்தார்கள். சீதேவிப்பிள்ளை கொட்டிலைப் பார்த்தாள். விறகு கனிந்து சட்டி தனியாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஓம். தொடல்ல. விடியத் தேத்தண்ணியும் நீயே போடு" என்றாள். அது அவளுக்கு லேசான சொல்லில்லை. விடியற்காலையில் முதல் எழும்பி, ஊர் எழும்ப முந்திக் குடிக்கிற தேத்தண்ணி அது. பிறகு சொன்னாள்: "காஸ் உண்ட. கொட்டில் எண்ட. நெருப்பைக் கண்ணால காணலாம். அதுக்கு மூக்கு வேணாம்."

"அடிப்பிடிச்சா?"

அவள் மருமகன் இருந்த பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கொட்டிலுக்குப் போய் முதற்பாலை விட்டு, முருங்கை இலையைத் தூவினாள்.

அரை அவியலில் நின்ற சோளனை அன்றிரவு ஒருவரும் காஸில் மறுபடி ஏற்றவில்லை. கஜானி பானையோடு தூக்கிவந்து கொட்டிலில் வைத்தாள். நண்டுச் சட்டியை இறக்கிய தணலில் பொத்திகளை ஒவ்வொன்றாகப் பரப்பினார்கள். மணிகள் அங்கங்கே கறுத்து வெடித்தன. இன்னொரு மூலையில் இறால் மிளகாய்த்தூளோடு சுருண்டது. முற்றத்தில் பாய் விரித்து, நடுவில் சட்டியை வைத்து, சுற்றி இருந்தார்கள். சீதேவிப்பிள்ளை வழக்கமாக மருமகன் தின்று முடிந்த பிறகுதான் சாப்பிட இருப்பாள். இன்றைக்குக் கஜானி கையைப் பிடித்து இழுத்து இருத்தினாள். நண்டு தின்னும்போது யாருக்கும் மரியாதை பார்க்க முடியாது. முழங்கைவரை ஆணம் வழிந்தது. மாங்கேணிக்காரி ஒரு காலைக் கடித்து உடைத்து, உறிஞ்சி, கோதைத் தூர எறிந்தாள்.

"சதைதான் மச்சாள்" என்றாள், மனமில்லாமல். "நிலவுக்கு இது பெரிய காரியம்."

சீதேவிப்பிள்ளை சோளனைக் கடித்தாள். இனிப்புத் தெரிந்தது. சுட்ட மணம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகத்தில் கொஞ்சம் இருந்தது, கொஞ்சம் இல்லை. நண்டு ஆணத்தில் ஒரு துண்டைத் தோய்த்து வாயில் வைத்தாள். உறைப்பு, புளி, உப்பு. மிச்சத்தை அவளே நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

உதயரூபன் மினுக்கிக்கு ஒரு சின்னக் காலை உடைத்துப் போட்டான். தன் கோப்பையைப் பார்த்தபடி, பழக்கத்தில், "அடி மினுக்கி, ஆணம் நல்ல மணம். ஆனா உப்பு ஒரு கல்லுக் கூடினாப் போல இரிக்கி, என்ன?" என்றான்.

கஜானி "இப்பவுமா?" என்று முறைத்தாள்.

சீதேவிப்பிள்ளை கையிலிருந்த பொத்தியைக் கீழே வைத்தாள். பூனையைப் பார்க்கவில்லை. மகளையும் பார்க்கவில்லை.

"கூடல்ல மருமகன்" என்றாள், நேராக அவனைப் பார்த்து. "மணத்தை நீங்க சொல்லுங்க, நான் கேக்கிறன். உப்புக் கதைக்கு வராதீங்க. போனது மூக்கு மட்டுந்தான்."

அவன் நிமிர்ந்தான். என்ன செய்வதென்று தெரியாமல், "ஓம் மாமி" என்றான்.

சட்டியிலிருந்து இன்னும் ஓர் அகப்பை ஆணத்தை அள்ளி அவன் கோப்பையில் ஊற்றினாள்.